என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? மலை மருத்துவமும் நம் பிள்ளைகளின் தேர்வும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு)



மே 5, பண்டிதர் மறைந்த நாள். 1914ஆம் ஆண்டு அவர் காலமானார். இதழாளராக, பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடியாக, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியவராக அவரை நாம் நினைவுகூர்கிறோம். அவருடைய தொழில் எது என்பதை மட்டும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அவர் சித்த மருத்துவர். நாடி பார்த்தவர், மருந்து கொடுத்தவர். இன்று தாம்பரம் சானட்டோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இளமைக் காலத்தை நீலகிரியில் கழித்தவர் என்பதால் மலையும் அவருக்குப் புதிதல்ல. எனவே சேர்வராயன் மலையில் நாம் கூடியிருக்கும் இந்நாளில் மருத்துவத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: மருத்துவம் படித்து முடிக்கும் மாணவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதா, மேற்படிப்புப் படித்துச் சிறப்பு மருத்துவர் ஆவதா? பொதுவாக இதைத் தனி ஒருவரின் விருப்பம் என்பார்கள். சிலர் மனசாட்சி என்பார்கள். இது சாதியும் வர்க்கமும் சேர்ந்து தீர்மானிக்கும் ஒரு சமூகக் கேள்வி என்பதே இன்று நாம் சொல்ல வந்தது. அப்படிச் சொல்வதற்கு முன், நம் மீதே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு தங்கையின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் படிப்பை முடித்துப் பயிற்சி மருத்துவராக இருந்த ஒரு தங்கையை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். அவருடைய அம்மா துப்புரவுப் பணியாளர். அவர்கள் தெருவில் முதல் டாக்டர் அவர். நம் தோழர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “நம்ம ஜனங்களை மறந்துடாதேம்மா. மலைக்குப் போ, சேரிக்குப் போ, சேவை செய்.” நாங்களும் அதையேதான் சொன்னோம்.

கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தங்கை எங்களிடம் வந்தார். கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பவர் போலத்தான் கேட்டார். “தோழர், என்கூடப் படிச்சவங்க எல்லாரும் பி.ஜி.க்குப் படிக்கிறாங்க. அவங்க வீட்ல யாரும் மலைக்குப் போன்னு சொல்லல. அவங்க சாதிச் சங்கத்துல கூப்பிட்டுப் பொன்னாடை போட்டா, ‘ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் ஆகணும்’னுதான் வாழ்த்துறாங்க. என்னை மட்டும் ஏன் சேவை செய்யச் சொல்றீங்க?”

எங்களிடம் பதில் இல்லை. நூற்றாண்டுகளாக அடுத்தவர் குப்பையை அள்ளு, அடுத்தவர் பிணத்தைச் சும, அதுதான் உன் சேவை என்று சொல்லப்பட்டது நம் மக்களிடம்தான். நாம் வேறு நோக்கத்தோடு பேசினோம் என்பது உண்மை. ஆனாலும் சேவைக்குப் பிறந்தவர்கள் என்ற அந்தப் பழைய ஓலையை நாமும் புதிதாக எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டோமோ என்ற உறுத்தல் இன்றுவரை போகவில்லை. இந்த உரை அவருக்கான பதில்.

மலையின் கணக்கு

முதலில் மலையைப் பார்ப்போம். மே மாதம் ஏற்காட்டுக்குக் கோடை விழா மாதம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள், மலர்க் கண்காட்சி பார்ப்பார்கள், பக்கோடா வாங்கித் தின்றுவிட்டு மாலையில் இறங்கிவிடுவார்கள். ஏரியைச் சுற்றிய ஏற்காடு அவர்கள் கண்ணில் பட்டுவிடுகிறது. நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை என்று மலையெங்கும் சிதறிக் கிடக்கும் இன்னொரு ஏற்காடு அவர்கள் பார்வைக்கு வருவதில்லை.

அந்த ஏற்காட்டின் மண்ணின் மக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு தொடர்புபடுத்திக் குழம்ப வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் இவர்களே. 2011 கணக்கெடுப்பில் சுமார் மூன்றரை லட்சம் பேர். சட்டமன்றத்தில் ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன் பிறகு காடு எஸ்டேட் ஆனது, காட்டுக்குச் சொந்தமானவர்கள் கூலிகள் ஆனார்கள். கீழ்நாட்டுச் சேரிகளிலிருந்து பிழைப்புக்காக மலையேறிய குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்து காப்பி பறித்தன, மிளகு பறித்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது தோட்ட முதலாளியின் கடமை என்றது. தினக்கூலியாக, ஒப்பந்தத்தில், சிறு தோட்டங்களில் வேலை செய்பவருக்கு அந்தக் கடமை எந்த அளவுக்கு எட்டும் என்பது தோட்டத்தில் வேலை செய்த எவருக்கும் தெரியும்.

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசு விதி. துணை நிலையம் என்றால் 5,000 பேருக்குப் பதில் 3,000 பேர். மலைக்குச் சலுகை காட்டியது போலத் தோன்றும். ஆனால் மலையில் தூரத்தைத் தலைக்கணக்கில் அளக்க முடியாது. பிரசவ வலி கண்ட பெண், பாம்பு கடித்த ஆண், மூச்சுத் திணறும் குழந்தை, இவர்களுக்கு எண்ணிக்கையைவிட நேரம்தான் முக்கியம். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அது ஒரு வண்டி. வண்டி வந்து சேர்கிறவரை உயிரைப் பிடித்துவைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். காலையில் புறநோயாளிகள், புதன்கிழமை தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு ரத்தச் சோகை பார்ப்பது, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாந்திர மாத்திரை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசோதனை, விடாத இருமலோடு வருகிறவரின் சளியைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புவது, நடுவில் வரும் விபத்து. இவற்றில் எதுவும் செய்தித்தாளில் வராது. ஆறு மாதம் முன்பே ஒரு பெண்ணின் ரத்தச் சோகையைக் கண்டுபிடித்ததால் நடக்காமல் போன மரணத்துக்குச் செய்தி ஏது?

‘வெறும் எம்.பி.பி.எஸ்.’

இவ்வளவு வேலை செய்கிறவரை நம் சமூகம் எப்படி அழைக்கிறது? “டாக்டர் என்ன படிச்சிருக்கார்?” “வெறும் எம்.பி.பி.எஸ்.தான்.”

அந்த ‘வெறும்’ என்ற சொல்லைச் சற்று நின்று பார்ப்போம். ஐந்தரை ஆண்டுப் படிப்புக்கு முன்னால் அது எப்படி வந்து உட்கார்ந்தது?

1943இல் அமைக்கப்பட்டு 1946இல் அறிக்கை தந்த போர் குழு, இந்திய மருத்துவ அமைப்புக்கு வரைபடம் போட்டது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கருத்தை நாடு முழுமைக்குமான திட்டமாக முன்வைத்தது அதுதான். மருத்துவர் நோயை மட்டும் பார்க்காமல் நோயை உண்டாக்கும் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்றது. குறுகிய காலம் படித்து வெளிவந்த எல்.எம்.பி. மருத்துவர்களை இனி உருவாக்க வேண்டாம், ஒரே தரத்தில் பட்டம் பெற்ற மருத்துவர் போதும் என்றது. 1978 செப்டம்பரில் அல்மா ஆட்டாவில் கூடிய உலக நாடுகளும் ஆரம்பநிலை மருத்துவமே அனைவருக்குமான நலவாழ்வுக்கு வழி என்று அறிவித்தன.

காகிதத்தில் அது அடித்தளம். கல்லூரியில் அது கடைசிப் படி. ஒரு மருத்துவ மாணவர் முதலாண்டு முதல் யாரிடம் பாடம் கேட்கிறார்? சிறப்பு மருத்துவர்களிடம். எங்கே கற்கிறார்? அரிதான நோய்கள் வந்து சேரும் பெரிய மருத்துவமனையில். ஆரம்ப சுகாதார நிலையத்தை அவர் பார்ப்பது பயிற்சி ஆண்டில் சில வாரங்கள். அங்கே வாழ்நாளைக் கழித்த ஒருவர் தன் பேராசிரியராக இருந்து அவர் பார்த்ததில்லை. மேற்படிப்புக் கலந்தாய்வில் கதிரியக்கவியலும் தோல் மருத்துவமும் பொது மருத்துவமும் முதலில் போகின்றன. சமூக மருத்துவம் கடைசி வரிசையில் நிற்கிறது. 2023இல் முதுநிலை நீட் தேர்வின் தகுதி வரம்பைப் பூஜ்ஜிய விழுக்காட்டுப் புள்ளிவரை இறக்கினார்களே, அது எதைக் காட்டுகிறது? மருத்துவத்துக்குள்ளேயே சில இருக்கைகள் தீண்டப்படாமல் கிடக்கின்றன என்பதை.

அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் மேலே பார்த்தால் ஏக்கம், கீழே பார்த்தால் இளக்காரம். மருத்துவத் தொழிலுக்குள் இந்தப் படிநிலை அப்படியே இருக்கிறது. உயர்சிறப்பு மருத்துவர், சிறப்பு மருத்துவர், வெறும் எம்.பி.பி.எஸ்., செவிலியர், கிராமச் சுகாதார செவிலியர், கடைசியில் மருத்துவமனைப் பணியாளர். நோயாளியின் உடலோடும் அழுக்கோடும் எவ்வளவு நெருங்குகிறாரோ, அவ்வளவு குறைவு அவர் மதிப்பு. நம் ஊர்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சியைத் தாழ்த்திவைத்த சமூகம்தானே இது? குழந்தையை முதலில் தொட்டு எடுத்தவள் அவள். அந்தத் தொடுதலே அவளுக்குத் தீட்டு என்று விதிக்கப்பட்டது. ஆரம்பநிலை மருத்துவத்தின் மீதான இளக்காரத்துக்கும் இந்த மனநிலைக்கும் உறவு இல்லை என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

மேலே போகப் போகக் காணாமல் போகும் படிகள்

இப்போது அந்தத் தங்கையின் இடத்தில் நின்று மேலே பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்கள் நூறு என்றால் பட்டியலின மாணவருக்கு 18. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1. அந்த ஒரு விழுக்காட்டுக்குள்தான் மலையாளி, இருளர், குறும்பர், காணி உள்ளிட்ட எல்லாப் பழங்குடியினரும் போட்டியிட வேண்டும். 2020இல் வந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு தந்தது. அந்த வழியாக உள்ளே நுழைந்த பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர்.

முதுநிலைப் படிப்பிலும் மாநில இடங்களுக்கு இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் அங்கே வேறொரு தடை எழுகிறது: நேரம். வசதியான வீட்டுப் பிள்ளை எம்.பி.பி.எஸ். முடித்ததும் ஓராண்டு, ஈராண்டு வேலைக்குப் போகாமல் பயிற்சி மையத்தில் உட்கார்ந்து படிக்கலாம். ‘வீட்ல இருந்து படிக்கிறான்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் பிள்ளைக்கு அது முடியாது. தம்பியின் கல்விக் கட்டணமும் வீட்டுக் கடனும் அந்த முதல் சம்பளத்துக்காகக் காத்திருக்கின்றன. சமூகவியலில் பண்பாட்டு மூலதனம், சமூக மூலதனம் என்று படிக்கிறோம். சும்மா உட்கார்ந்து படிக்கக் கிடைக்கும் நேரமும் ஒரு மூலதனம்தான். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்தவருக்கே அது கிடைக்கிறது.

உச்சிக்குப் போனால், இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற உயர்சிறப்புப் படிப்புகளில் சாதிவழி இட ஒதுக்கீடே கிடையாது. 1992 மண்டல் தீர்ப்பிலும் 1999 பிரீத்தி ஸ்ரீவஸ்தவா தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் சொன்னவற்றின் வழியாக அந்தக் கதவு சாத்தப்பட்டது. ‘அந்த உயரத்தில் தகுதி மட்டுமே பேச வேண்டும்’ என்பது அதன் வாதம். கீழ்ப்படியில் சமூக நீதி, மேல்படியில் தகுதி. அப்படியானால் சேவை செய்யும் இடத்தில் நாம் இருக்கலாம், முடிவெடுக்கும் இடத்தில் இருக்கக் கூடாது என்றுதானே ஆகிறது?

ஏறியவருக்கும் நிம்மதி இல்லை. 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு மருத்துவ முதுநிலை மாணவியும் பழங்குடிப் பெண்ணுமான மருத்துவர் பாயல் தட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று மூத்த மாணவிகள் மூவர் மீது வழக்குப் பதிவானது. ‘மேற்படிப்புக்குப் போ’ என்று நம் பிள்ளைகளிடம் சொல்வதும் எளிய வாழ்த்து அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

ஆக, அந்தத் தங்கையின் முன்னால் இருந்தவை இரண்டு கதவுகள். ஒன்று மதிப்பில்லாதது என்று சமூகம் சொல்கிறது. மற்றொன்று உனக்கானதல்ல என்று சொல்கிறது. இதற்குத் ‘தேர்வு’ என்று பெயர்.

தமிழ்நாடு கட்டிய பாலம்

இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் தமிழ்நாடு ஒரு பாலம் கட்டியது. முதுநிலைப் படிப்பில் மாநில இடங்களில் பாதியை அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய், பிறகு அரசுச் சம்பளத்தோடு மேற்படிப்பு படி, படித்துவிட்டு அரசு மருத்துவமனைக்கே திரும்பி வா. இதுதான் ஏற்பாடு. உட்கார்ந்து படிக்க நேரமில்லாத பிள்ளைக்கு, வேலை செய்த நேரத்தையே மூலதனமாக மாற்றித் தந்த ஏற்பாடு இது. தொலைதூரக் கிராமங்களுக்கு எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர்கள் போனதற்கும், மாவட்ட மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்கள் கிடைத்ததற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் பாலம் ஆட்டம் கண்டது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000ஆம் ஆண்டு விதிகள் பட்டப்படிப்பில் இப்படித் தனி ஒதுக்கீட்டுக்கு இடம் தரவில்லை. கடினமான பகுதியில் வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 10 விழுக்காடு, அதிகபட்சம் 30 விழுக்காடு ஊக்க மதிப்பெண் மட்டும் தரலாம் என்றன. 2016இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை உறுதிசெய்தது. 2017இல் தமிழ்நாட்டில் ஒதுக்கீடு நின்றது. அரசு மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். எது மலை, எது தொலைதூரம், எது கடினமான பகுதி என்ற பட்டியலே அப்போது சண்டைக்குரியதாக ஆனது. 2019 அக்டோபர் வேலைநிறுத்தத்திலும் ஊதியக் கோரிக்கையோடு இந்த ஒதுக்கீடும் முன்னால் நின்றது.

2020 ஆகஸ்ட் 31 அன்று தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அரசு மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அதே 2020இல் தமிழ்நாடு அரசு உயர்சிறப்புப் படிப்புக்கும் 50 விழுக்காடு ஒதுக்கீட்டை ஆணையிட்டது. 2022 மார்ச்சில் அதற்கும் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

2020 தீர்ப்பில் எல்லோரும் கொண்டாடிய பகுதி மாநில உரிமை. அதற்கு அருகிலேயே இருந்த இன்னொரு வாசகத்தை யாரும் அதிகம் பேசவில்லை. இந்த ஒதுக்கீட்டில் படித்து முடிப்பவர் குறைந்தது ஐந்தாண்டுகள் கிராமப்புற, பழங்குடி, மலைப் பகுதிகளில் பணியாற்றும் வகையில் கொள்கை இருக்க வேண்டும், அதற்கு ஒப்பந்தம் எழுதி வாங்க வேண்டும் என்றது நீதிமன்றம். மலைக்குத் தந்த வாக்குறுதி அது.

இங்கேதான் பாலத்தின் கோளாறு இருக்கிறது. அது ஒருவழிப் பாலமாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழ், வட்ட, மாவட்ட மருத்துவமனைகள் மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் கீழ், கல்லூரிகள் மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழ். மலையில் வேலை செய்தவர் மகப்பேறு மருத்துவம் படித்தால் அந்தப் படிப்புக்கான இடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை. எனவே அவர் அடுத்த இயக்குநரகத்துக்குப் போகிறார். மலையில் நாற்காலி காலியாகிறது. புதிதாகப் படித்து முடித்த இன்னொரு பிள்ளை வருகிறார். அவர் மலையாளி மக்களின் பேச்சைப் புரிந்துகொண்டு, எந்த வீட்டில் யாருக்கு வலிப்பு என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் அவருக்கும் கலந்தாய்வு வந்துவிடுகிறது. மலை எப்போதும் பயிற்சிக் களமாகவே இருக்கிறது.

அதற்காகப் பாலத்தை இடிக்கலாமா? கூடாது. நம் பிள்ளைகள் மேலேறிய பாலம் அது. அதில் இறங்கிவரும் பாதையையும் போட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

தியாகத்தை நம்பி அமைப்பு நடத்த முடியாது

இந்த இடத்தில் சிலர் சிட்டிலிங்கியைக் காட்டுவார்கள். காட்ட வேண்டிய இடம்தான். நம் மலைக்குக் கிழக்கே, தருமபுரி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தாக்கு அது. அங்கும் மலையாளிப் பழங்குடியினரே பெரும்பான்மை. 1993இல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதா ரெஜியும் ஒரு குடிசையில் வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் தொடங்கிய காலத்தில் ஆயிரம் பிறப்புக்கு 147 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்தன என்பது அவர்கள் அமைப்பின் கணக்கு. பிற்காலத்தில் அது 20 அளவுக்கு இறங்கியது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர்கள் ‘வெறும் எம்.பி.பி.எஸ்.’ அல்ல. ஒருவர் மயக்க மருந்து நிபுணர், மற்றவர் மகப்பேறு மருத்துவர். சிறப்புத் திறமை மலையில் வந்து உட்கார்ந்ததால்தான் அந்த ஆரம்பநிலை மருத்துவத்துக்குப் பலம் வந்தது. இரண்டாவது, அவர்கள் அந்த ஊர் மலையாளிப் பெண்களையே நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். டாக்டர் மட்டும் வெளியிலிருந்து வந்தவர். மருத்துவம் ஊருக்குள்ளிருந்தே வளர்ந்தது.

வேல்ஸ் நாட்டின் கிளின்காரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1960களிலிருந்து பல பத்தாண்டுகள் குடும்ப மருத்துவராக இருந்தார். ஊரில் ஒருவர் விடாமல் ரத்த அழுத்தம் பார்த்துப் பதிவு செய்தார். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே குறைவாகக் கிடைக்கிறது, சந்தைக்கு விட்டால் இந்த நிலை இன்னும் மோசமாகும் என்று 1971இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ‘தலைகீழ் மருத்துவ விதி’ என்று உலகம் இன்றும் பேசுவது அதைத்தான். சுரங்கக் கிராமத்துக் குடும்ப மருத்துவர் ஒருவர் உலகுக்கே ஓர் உண்மையைக் கற்பித்தார். பண்டிதரும் அப்படித்தானே? நாடி பார்த்த கைதான் ‘தமிழன்’ இதழையும் எழுதியது. ஆரம்பநிலை மருத்துவம் அறிவுக்குக் குறைந்த வேலை என்பவர்களுக்கு இந்த இருவரும் பதில்.

ஆனால் இவர்கள் தனி மனிதர்கள். அவர்களைப் போற்றுவோம். அதே வேளை, ஒரு மலைத்தொடரின் பிரசவங்களை யாரோ ஒருவரின் தியாகத்தை நம்பி விட்டுவைப்பது அரசின் கைகழுவல். தாய்லாந்து 1972 முதல் புதிய மருத்துவர்களுக்குக் கட்டாய அரசுப் பணியைக் கொண்டுவந்தது. அதோடு நிற்கவில்லை. கடினமான இடத்துக்குக் கூடுதல் படி தந்தது, கிராமத்துப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்துப் படிக்கவைத்தது. கிராமத்திலிருந்து வந்தவர் கிராமத்தில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2010இல் பரிந்துரையாகவே சொன்னது. நம் நாட்டிலோ, கிராமத்துக்கென்று குறைந்த காலப் படிப்பு படித்த தனி வகை மருத்துவரை உருவாக்கலாம் என்ற யோசனை அவ்வப்போது தலைதூக்குகிறது. நகரத்துக்கு முழு டாக்டர், மலைக்கு அரை டாக்டர். தனிக் குவளை முறையை மருத்துவத்திலும் ஏற்க முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

எனவே அரசிடம் நாம் கேட்பது இவை.

ஒன்று, ஆரம்பநிலை மருத்துவத்தைச் சிறப்புத் துறையாகவே மதிக்க வேண்டும். குடும்ப மருத்துவத்தில் முதுநிலை இடங்களை அரசுக் கல்லூரிகளில் பெருக்கி, அதைப் படித்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துகொண்டே மற்ற சிறப்பு மருத்துவருக்கு இணையான ஊதியமும் பதவி உயர்வும் பெற வழி வேண்டும். மேலே போவதற்கு மலையை விட்டுப் போவதே ஒரே வழி என்ற நிலை மாற வேண்டும்.

இரண்டு, ஐந்தாண்டு வாக்குறுதியைக் காப்பாற்ற வேண்டும். அரசு ஒதுக்கீட்டில் படித்த மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் குழந்தை மருத்துவரும் மலை மருத்துவமனைகளில் ஒரே காலத்தில், ஒரே குழுவாகப் பணியாற்ற வேண்டும். பாதுகாப்பான அறுவைப் பிரசவத்துக்கு இந்த மூவரும் வேண்டும்.

மூன்று, மலையில் வேலை செய்யும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் கதவு பூட்டும் குடியிருப்பு, தண்ணீர், இரவில் பாதுகாப்பு, குழந்தைக்குப் பள்ளி. கேட்க எளிதாகத் தோன்றும் இவை இல்லாமல்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள். நூறாண்டு கண்ட உறைவிடப் பள்ளிகள் இருக்கும் இதே மலையில் ஒரு செவிலியரின் பிள்ளைக்கு நல்ல பள்ளி எட்டாமல் இருப்பது என்ன நியாயம்?

நான்கு, உயர்சிறப்புப் படிப்புகளில் இட ஒதுக்கீடு. இதை விட்டுவிட்டு மலைக்குப் போ என்று நம் பிள்ளைகளிடம் மட்டும் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இனி நமக்கு. மலைக்குப் போவது மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லோருடைய கடனும். மக்கள் வரிப்பணத்தில் படித்த எல்லாச் சாதிப் பிள்ளைகளுடைய கடனும். நம் பிள்ளைகள் மேல் மட்டும் அதை ஏற்றக் கூடாது. நம் பிள்ளை இதய மருத்துவர் ஆனால் அது சமூகத்தை மறந்த செயல் அல்ல. ஒரு சேரிப் பெண் அறுவைக் கூடத்தில் தலைமை மருத்துவராக நிற்பதும் ஒரு விடுதலைச் செயல்தான். அதேபோல் ஆரம்ப சுகாதார நிலையத்தையே தன் வாழ்வாக ஒருவர் தேர்ந்தெடுத்தால், “ஏன், பி.ஜி. கிடைக்கலையா?” என்று கேட்கும் வாயை நாம் முதலில் மூட வேண்டும். இரண்டு கதவும் திறந்திருக்கும்போது எடுக்கும் முடிவுக்குத்தான் தேர்வு என்று பெயர். அந்தக் கதவுகளைத் திறந்துவைப்பது இயக்கத்தின் வேலை. எந்தக் கதவு வழியாகப் போவது என்பது அந்தப் பிள்ளையின் உரிமை.

அந்தத் தங்கை இன்று ஒரு மலைக் கிராமத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறார். பகலில் நோயாளிகள், இரவில் முதுநிலைத் தேர்வுக்கான புத்தகம். மேலே படிக்கப் போவாரா, போனவர் மலைக்குத் திரும்புவாரா என்று அவரே இன்னும் முடிவு செய்யவில்லை. முன்பு அவரைப் பார்க்கும்போதெல்லாம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்போம். இப்போது கேட்பதில்லை. சென்ற முறை போனபோது குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டதா என்று கேட்டோம். வரவில்லை என்றார். மனு எழுதி ஊர் மக்களிடம் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்துப் போட்டவர்களில் மலையாளிப் பாட்டிகளும் எஸ்டேட் தொழிலாளிகளும் இருந்தார்கள். அதிகாரிகளிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் மறுபடி போய்க் கேட்க வேண்டும். உங்களில் வர முடிந்தவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜெய்பீம்.